பேசும் முன் எழுதுங்கள்: பணியிடக் குழு சேர்ந்து யோசிக்கும் முறை

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் உதிரிகள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை தொடங்கியதும் பம்ப் உறைகளில் ஊதுதுளைகள் (உலோகத்துக்குள் வாயு சிக்கி விழும் ஓட்டைகள்) கூடுகின்றன. வழக்கமாக நூற்றுக்கு 4 கழியும் இடத்தில் இப்போது 9 கழிகிறது. மேலாளர் கூட்டம் போடுகிறார். மோல்டிங் சூப்பர்வைசர், கோர் (வார்ப்பின் உள்குழிவை உருவாக்கும் மணல் அச்சு) செய்பவர், உலை ஆபரேட்டர், இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவர், பராமரிப்பு ஃபிட்டர், மணல் கலப்பவர் என்று ஆறு பேர். “என்னங்க காரணம்?” என்று மேலாளர் கேட்கிறார். இருபது வருட அனுபவமுள்ள சூப்பர்வைசர், “மழைக்காலமுங்க சார், மண்ணுல ஈரம் ஏறியிருக்கும்” என்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிகிறது. மறுநாளிலிருந்து மணலின் ஈரம் மணிக்கொரு முறை அளக்கப்படுகிறது. அது 3.5 சதவீதத்தை விட்டு நகரவே இல்லை. துளைகளும் குறையவில்லை.

விடை அந்த அறைக்குள்தான் இருந்தது, மூன்று துண்டுகளாக. புது மெஷின் வந்ததால் கோர் அடுக்கும் ரேக்குகள் ஷட்டர் ஓரத்துக்கு மாற்றப்பட்டது கோர் செய்பவருக்குத் தெரியும். அந்த ஷட்டர் கடைசி ஒரு அடி இறங்காமல் மாட்டிக்கொள்வது ஃபிட்டருக்குத் தெரியும். துளைகள் கோர் பக்கத்துச் சுவரில்தான் வருகின்றன, அதுவும் காலையில் ஊற்றும் முதல் சில ஹீட்டுகளில்தான் (ஒரு தடவை உருக்கி ஊற்றும் உலோகம் ஒரு ஹீட்) அதிகம் என்பது இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவருக்குத் தெரியும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பள்ளி மாணவன்கூடச் சொல்லிவிடுவான்: இரவு முழுக்க ஈரக்காற்றில் நின்ற கோர் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, உலோகம் பட்டதும் அது ஆவியாகித் துளை போடுகிறது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சொல்லத் தகுந்த செய்தியாகவே படாது. அதனால்தான் எவரும் சொல்லவில்லை.

சேர்ந்து யோசிப்பது என்றதும் எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசச் சொல்வது என்றே பெரும்பாலான இடங்களில் புரிந்துகொள்கிறார்கள். அப்படிக் கூட்டப்படும் கூட்டங்கள் மேலே சொன்னதைப் போலத்தான் முடிகின்றன. குற்றம் மனிதர்களிடம் இல்லை, நடத்தும் வரிசையில் இருக்கிறது. தனித்தனியாக யோசித்து, எழுதி, அதன் பிறகு ஒன்றுசேர்த்துப் பேசினால் அதே ஆறு பேர் வேறு ஒரு குழுவாகிவிடுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகள் இந்த ஒரு விஷயத்தில் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன.

கூடிப் பேசினால் யோசனை பெருகுமா?

பெருகும் என்று உறுதியாகச் சொன்னவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன், அமெரிக்க விளம்பரத் துறையின் பெரும்புள்ளி. ‘பிரெயின்ஸ்டார்மிங்’ என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. எந்த யோசனையையும் குறை சொல்லாதே, எண்ணிக்கையைக் கூட்டு, விபரீதமானதையும் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு என்பவை அவர் வகுத்த நான்கு விதிகள். சாதாரண மனிதர் ஒருவர் தனியாக இருப்பதைவிடக் குழுவில் இரண்டு மடங்கு யோசிப்பார் என்று அவர் எழுதினார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து பேசிய குழுக்கள் ஒருபுறம். தனித்தனியே யோசித்த நான்கு பேரின் பட்டியல்களைச் சேர்த்து, ஒன்றுபோல் இருந்தவற்றை ஒரு முறை மட்டும் எண்ணிய பெயரளவுக் குழுக்கள் மறுபுறம். தனித்தனியே யோசித்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனை தந்தார்கள். ஆஸ்பார்ன் சொன்னதற்கு நேர் எதிர். அதன் பிறகு வேறு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோதும் முடிவு அந்தப் பக்கமே சாய்ந்தது.

ஏன் என்பதை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஷ்ட்ரோபே இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு. கேலிக்கு அஞ்சுவதும், ‘மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்குவதும் காரணங்கள்தாம். ஆனால் முதன்மைக் காரணம் மிகச் சாதாரணமானது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, வேறொருவர் பேசும்போது விளக்கு எரியும்படி செய்து, விளக்கு அணைந்த பிறகே பேச வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பக்கத்தில் கேலி செய்ய ஆளே இல்லாதபோதும் யோசனைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிந்தது. தன் முறைக்காகக் காத்திருப்பவர் சொல்ல வந்ததை மறந்துவிடாமல் மனத்தில் பிடித்துக்கொண்டே இருக்கிறார். பிடித்துக்கொண்டிருக்கும் மனம் புதிதாக எதையும் தேடுவதில்லை. பலர் கடைசியில் “அதைத்தான் அவரே சொல்லிட்டாருங்க” என்று விட்டுவிடுகிறார்கள்.

எண்ணிக்கை போகட்டும், தரமான ஒன்று வந்தால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் இன்னும் பெரிய கோளாறு இருக்கிறது. 1985இல் ஜெரால்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு மாணவர் தேர்தல் போட்டியாளர்களைப் பற்றிய குறிப்புகளை நான்கு பேர் கொண்ட குழுக்களிடம் கொடுத்தார்கள். எல்லாக் குறிப்பும் எல்லாரிடமும் இருந்தபோது பத்தில் எட்டுக் குழுக்களுக்கு மேல் சிறந்த போட்டியாளரைத் தேர்ந்தெடுத்தன. அதே குறிப்புகளைச் சிதறடித்து, சிலது எல்லாரிடமும் சிலது ஒரே ஒருவரிடமும் இருக்கும்படி கொடுத்தபோது, அவரைத் தேர்ந்தெடுத்த குழுக்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பேசித் துண்டுகளைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னால் நான்கு தலைகள் ஆடும், சொன்னவருக்குத் தெம்பு வரும். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும். அந்த ஃபவுண்டரியில் ‘மழை, ஈரம்’ என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மாட்டிக்கொண்ட ஷட்டர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது.

ஆகவே குழுவைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: ‘இந்த அறையில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது எது, அது எந்த வழியாக மேசைக்கு வரும்?’

சந்தையில் நின்ற காளை

தனித்தனியாக யோசித்ததன் பலத்துக்கு 1906ஆம் ஆண்டின் ஒரு கால்நடைக் கண்காட்சி பழைய சாட்சி. இங்கிலாந்தின் பிளிமத் நகரில், ஒரு காளையை அறுத்துச் சுத்தம் செய்தபின் எடை எவ்வளவு இருக்கும் என்று சீட்டில் எழுதிப் போடும் போட்டி நடந்தது. படிக்கக்கூடிய 787 சீட்டுகளை ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் வாங்கி ஆராய்ந்தார். நடு மதிப்பு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198 பவுண்டு. பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் கலந்த அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் தொழில் கண்ணால் பார்த்து, பக்கத்திலிருப்பவரைக் கேட்காமல், காசு கட்டி எழுதினார்கள். கூட்டிச் சொன்னவரின் பிழை குறைத்துச் சொன்னவரின் பிழையோடு கழிந்துபோனது. முதல் ஆள் எல்லாருக்கும் கேட்கும்படி “1,400” என்று அறிவித்திருந்தால் மற்ற சீட்டுகளும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், பிழைகள் ஒன்றையொன்று கழிக்காமல் ஒரே திசையில் சேர்ந்திருக்கும். 2011இல் சூரிச்சில் செய்த சோதனை இதையே காட்டியது: மற்றவர்களின் மதிப்பீட்டைக் காட்டினால் பதில்கள் நெருங்கி வருகின்றன, ஆனால் உண்மையை நெருங்குவதில்லை. கேடு என்னவென்றால், நெருங்கி வந்ததால் எல்லாருக்கும் நம்பிக்கை மட்டும் கூடுகிறது.

எடை மதிப்பிடுவது வேறு, கழிவுக்குக் காரணம் தேடுவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். எடைக்கு சராசரி எடுக்கலாம், காரணத்துக்கு சராசரி கிடையாது. அங்கே தேவைப்படுவது துண்டுகளைக் கோக்கும் ஒரு முறை.

முறை: ஒன்றரை மணி நேரம், ஆறு பேர், சீட்டுகள்

ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வென்னும் 1971இல் வெளியிட்ட பெயரளவுக் குழு முறைதான் கீழே சொல்வதன் எலும்புக்கூடு. தொழிற்கூடத்துக்கு ஏற்ப அதில் சில சேர்க்கைகள் உண்டு.

ஆட்கள் 5 முதல் 8 வரை. எட்டைத் தாண்டினால் சுற்று முடிய நேரமாகும், ஆட்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். அதிகம் பேர் இருந்தால் இரண்டு குழுவாக நடத்திப் பட்டியல்களைச் சேர்ப்பது நல்லது. பதவியைப் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாது, பொருள் நகரும் பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல் வரும் இடம் முதல் வார்ப்பு வெளியேறும் இடம் வரை நடந்து பாருங்கள். அந்தப் பாதையில் கை வைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர். இரவு ஷிஃப்டிலிருந்து கட்டாயம் ஒருவர். பகல் கூட்டத்துக்கு இரவு ஆள் வரமாட்டார் என்பதால் பெரும்பாலும் அவரை விட்டுவிடுகிறார்கள், இரவில் நடப்பது தெரியாமலே போகிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கூட்டத்தை வைத்து, கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

கேள்வியைக் கூட்டத்துக்கு முந்தைய நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். இதில் அரை நாள் செலவழித்தாலும் தகும். ‘ரிஜெக்‌ஷனை எப்படிக் குறைப்பது?’ என்பது கேள்வியே இல்லை. அதற்கு ‘எல்லாரும் கவனமாக வேலை செய்ய வேண்டும்’ என்ற பதில்தான் வரும். ‘அக்டோபர் 3ஆம் வாரத்திலிருந்து, பம்ப் உறையின் உட்சுவரில், முதல் ஷிஃப்டில் ஊதுதுளை கூடியிருக்கிறது. இரண்டாம் ஷிஃப்டில் கூடவில்லை. மூடி வார்ப்பில் கூடவில்லை. என்ன மாறியிருக்கிறது?’ என்பது கேள்வி. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற இரண்டு பக்கமும் வேண்டும். ‘இல்லை’ என்ற பக்கம் பாதிக் காரணங்களை அங்கேயே தள்ளிவிடும். மணலின் ஈரம்தான் காரணம் என்றால் அதே மணலில் வார்த்த மூடியில் ஏன் துளை இல்லை? இந்தப் பக்கத்தை நிரப்ப ஒரு வாரக் கழிவை வார்ப்பு வகை, ஷிஃப்ட், ஹீட் எண், துளை இருக்கும் இடம் என்று பிரித்து எண்ணிக் கொண்டுவர வேண்டும். எண்ணாமல் கூட்டும் கூட்டம் வெறும் ஊகப் போட்டி.

முதல் 10 நிமிடம் மௌனம். தபால் அட்டை அளவுச் சீட்டுகள், தடித்த பேனா, ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம். சீட்டின் முன்பக்கத்தில் கண்ணால் பார்த்தது, பின்பக்கத்தில் அதனால் என்ன நடந்திருக்கலாம் என்று நினைப்பது. இந்தப் பிரிப்பு மிக முக்கியம். ‘கோர் சரியில்லை’ என்று எழுதுபவரைத் திருப்பிக் கேட்டால் ‘காலையில் ரேக்கில் தொட்டால் பிசுபிசு என்று இருக்கிறது’ என்று எழுதுவார். இந்த இரண்டாவது வாக்கியம்தான் தங்கம். ஐந்தாவது நிமிடத்தில் எல்லாரும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். நடத்துபவர் அங்கே பேசித் தொலைக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்தது முதல் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

எழுதச் சிரமப்படுபவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைக் கூட்டத்தில் வைத்துச் சங்கடப்படுத்தாமல், முந்தின நாளே அவருடைய மெஷின் பக்கத்தில் நின்று 15 நிமிடம் கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சீட்டுகளை எழுதி அவர் கையில் கொடுத்துவிடலாம். கோவை, திருப்பூர், ஓசூர் ஆலைகளில் பீகார், ஒடிசாக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இந்தியிலோ ஒடியாவிலோ எழுதட்டும், படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். தமிழ் தெரியாது என்பதற்காக அவர்களைத் தவிர்த்தால் உலைக்கு மிக அருகில் நிற்கும் கண்களைத் தவிர்த்தது ஆகும்.

அடுத்த 20 நிமிடம் சுற்று. ஒருவர் ஒரு சீட்டை மட்டும் படிப்பார், நடத்துபவர் அதை அப்படியே பலகையில் எழுதி எண் போடுவார், அடுத்தவரிடம் போவார். வேலைக்குப் புதியவர் முதலில், சூப்பர்வைசர் கடைசியில். மேலாளர் அறையில் இருக்க வேண்டுமென்றால் எழுதலாம், படிக்கும் முறை அவருக்குக் கிடையாது, அவர் சீட்டை வேறொருவர் சீட்டோடு கலந்துவிட வேண்டும். ‘அண்ணன் சொல்லிட்டாரு, நாம எதுக்கு மாத்திச் சொல்றது’ என்ற மரியாதை நம் ஊர்களில் ஆழமானது. அதை விட்டுவிடச் சொல்லி அறிவுரை கூறிப் பயனில்லை. அண்ணன் கடைசியாகப் பேசினால் அந்த மரியாதைக்கும் பங்கமில்லை, தகவலுக்கும் பங்கமில்லை.

எழுதும்போது நடத்துபவர் வார்த்தைகளை ‘மேம்படுத்தக்’ கூடாது. ‘ஷட்டர் ஓரம் ரேக் நனையுது’ என்பதை ‘சேமிப்புச் சூழல் குறைபாடு’ என்று எழுதினால் சொன்னவர் அடுத்த சீட்டைப் படிக்க யோசிப்பார், படிப்பவருக்கும் ஷட்டர் கண்ணில் தெரியாது. ஆறு பேர் தலா 5 சீட்டு எழுதினால் 30 வரும். ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்தால் 18, 20 என்று நிற்கும்.

பிறகு 25 நிமிடம் விளக்கம் கேட்பது. ‘எங்கே பார்த்தீங்க, எப்போ, எத்தனை தடவை’ என்ற கேள்விகளுக்கு மட்டுமே இடம். ‘அது எப்படிங்க காரணமாகும்’ என்று யாராவது தொடங்கினால் நடத்துபவர் மென்மையாக நிறுத்த வேண்டும். பேச்சு உண்மையிலேயே தேவைப்படுவது இந்தப் பகுதியில்தான், ஏனென்றால் துண்டுகள் ஒட்டுவது இங்கேதான். ரேக் பற்றிய சீட்டும் ஷட்டர் பற்றிய சீட்டும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஃபிட்டரும் கோர் செய்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தனியாக எந்தத் தலையும் அதைச் செய்திருக்க முடியாது. தனித்த யோசனையை இவ்வளவு வலியுறுத்துவது பேச்சை ஒழிப்பதற்காக அல்ல, பேச்சுக்குச் சரக்கு கொடுப்பதற்காக.

கடைசியில் வாக்கு. ஒவ்வொருவரும் பலகையிலிருந்து ஐந்து எண்களைத் தேர்ந்து, முதன்மையானதற்கு 5, அடுத்ததற்கு 4 என்று 1 வரை சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு 15 புள்ளி, ஆறு பேருக்கு 90. கூட்டினால் 90 வரவில்லையென்றால் எங்கோ தவறாக எண்ணியிருக்கிறீர்கள். கையைத் தூக்கி வாக்களிக்கச் சொன்னால் இதுவரை காத்த தனிமை அந்த ஒரு நொடியில் போய்விடும், அண்ணன் கை எப்போது எழும் என்று பார்த்துத்தான் மற்ற கைகள் எழும். மொத்தத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஒரு விஷயத்துக்கு ஐந்து பேர் தலா 2 போட்டு 10 வந்திருக்கும், இன்னொன்றுக்கு இரண்டே பேர் தலா 5 போட்டு அதே 10 வந்திருக்கும். இரண்டாவதில் அந்த இருவர் மற்றவர் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். அதை முதலில் போய்ப் பாருங்கள்.

வாக்கு காரணத்தைத் தீர்மானிக்காது

பல குழுக்கள் இங்கே தடுக்கி விழுகின்றன. அதிகப் புள்ளி வாங்கியதையே காரணம் என்று அறிவித்துவிடுகிறார்கள். ஆறு பேரும் சேர்ந்து தவறாக இருக்க முடியும். வாக்கு சொல்வது ‘எதை முதலில் சோதிப்பது’ என்பதை மட்டும்தான். காரணத்தைச் சொல்ல வேண்டியது வார்ப்பு.

கோர் விஷயத்தில் சோதனை எளிது. இரவில் ஷட்டர் ஓரம் நின்ற கோர் 100, அதே காலையில் புதிதாகச் செய்தது 100. கோர் தலையில் வேறு வேறு நிறம் பூசி, ஒரே ஹீட்டிலிருந்து மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். எது எந்த நிறம் என்று இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவருக்குச் சொல்லக் கூடாது. ஒருபக்கம் 18 கழிந்து மறுபக்கம் 3 கழிந்தால் அது தற்செயல் அல்ல. 7, 5 என்று வந்தால் அவசரப்படாமல் பட்டியலில் அடுத்ததற்குப் போங்கள். மாற்றத்தைச் செய்து கழிவு குறைந்தால் மட்டும் போதாது, மழை நின்றதால்கூடக் குறைந்திருக்கும். ரேக்கை உள்ளே இழுத்தால் குறைகிறது, திரும்ப ஷட்டர் ஓரம் வைத்தால் கூடுகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே காரணம் என்று எழுதலாம். 10 வார்ப்பை வைத்துத் தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டத்தின் வழக்கமான தவறு. நூற்றுக்கு ஒன்பது கழியும் இடத்தில், எதையும் மாற்றாமலேகூட பத்தும் நன்றாக வருவதற்குப் பத்தில் நான்கு தடவை வாய்ப்புண்டு.

ஜப்பான் கற்றதும் அமெரிக்கா விட்டதும்

தொழிலாளர் குழுவாக உட்கார்ந்து தம் வேலையிடக் குறைகளைத் தாமே தீர்ப்பதை ஓர் இயக்கமாக்கியது ஜப்பான். 1962இல் கவோரு இஷிகாவா முன்னின்று, ஜப்பானிய விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கத்தின் வழியாகத் தர வட்டங்கள் தொடங்கின. மீன்முள் வடிவில் காரணங்களை அடுக்கும் படமும் இஷிகாவா தந்ததே. மேலே சொன்ன பலகைப் பட்டியலை மனிதர், மெஷின், பொருள், முறை என்று கிளை பிரித்து வரைந்தால் எந்தக் கிளை காலியாக இருக்கிறது என்பது தெரியும். காலிக் கிளை என்றால் அந்த வேலையைத் தெரிந்தவர் அறையில் இல்லை என்று அர்த்தம். ஆனால் வெற்று மீன்முள்ளைப் பலகையில் வரைந்து வைத்துக்கொண்டு ‘நிரப்புங்கள்’ என்பது தலைகீழ். முள் இருக்கிறதே என்று ஒவ்வொன்றிலும் எதையாவது எழுதி வைப்பார்கள்.

இந்தியாவில் 1980இல் ஹைதராபாத் பாரத் மிகுமின் ஆலையில் தர வட்டம் தொடங்கி மற்ற ஆலைகளுக்குப் பரவியது. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமானபோதும், 2002இல் டிவிஎஸ் மோட்டார் அதைப் பெற்றபோதும், தொழிலாளர் பங்கேற்பு அந்த முயற்சியின் முக்கியப் பகுதியாக இருந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. 1974இல் லாக்ஹீட் நிறுவனத்தில் தொடங்கி எண்பதுகளின் முற்பகுதியில் நாடு முழுக்கப் பரவிய தர வட்டங்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் அடங்கிப்போயின. வட்டம் யோசனை சொல்லும், நடைமுறைப்படுத்தும் அதிகாரமும் பணமும் இடைநிலை மேலாளர்களிடம் இருக்கும், அவர்களுக்கோ இதில் பங்கு தரப்படவில்லை. கோப்பு மேசையில் கிடக்கும். இரண்டு முறை பதில் வராத குழு மூன்றாம் முறை எழுதாது. யோசனைப் பெட்டி வைத்த எந்த ஆலையிலும் இதைக் காணலாம். முதல் மாதம் பெட்டி நிரம்பும், ஆறாம் மாதம் அதில் டீக்கடைச் சீட்டு கிடக்கும்.

அறையே தவறும்போது

பொறியாளர்கள் சொல்லியும் கேட்கப்படாத இரவு ஒன்று பதிவில் இருக்கிறது. 1986 ஜனவரி 27. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும், கடும் குளிர் வரும் என்று முன்னறிவிப்பு. அதன் உந்து ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், 53 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ராக்கெட் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம், ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு அதிருப்தி காட்டியது. நிறுவனம் சிறிது நேரம் தனியே பேச அவகாசம் கேட்டது. அந்த இடைவேளையில் மூத்த அதிகாரி ஒருவர் பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடச் சொன்னார். பொறியாளர்களிடம் வாக்கு கேட்கப்படவில்லை. நான்கு மேலாளர்கள் முடிவெடுத்தார்கள். காலையில் கிளம்பிய ஓடம் 73ஆவது விநாடியில் சிதறியது, ஏழு பேரும் இறந்தனர்.

அந்தக் கூட்டத்தில் தகவல் மேசைக்கு வந்திருந்தது. இல்லாமல் போனது எல்லாரும் தனித்தனியே எழுதிக் கொடுக்கும் அந்தக் கடைசி வாக்கு. ஒற்றைக் குரலின் வலிமையை உளவியலாளர் சாலமன் ஆஷ் ஐம்பதுகளில் அளந்து காட்டினார். கோடுகளின் நீளத்தைச் சொல்லும் எளிய சோதனையில், முன்னமே சொல்லிவைக்கப்பட்ட கூட்டம் ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது, உண்மையான பங்கேற்பாளர் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அதையே சொன்னார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியானதைச் சொன்னால் இந்த வழுக்கல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே பெரிய முடிவுகளில், ஏற்பதற்கு முன் முடிவு எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யலாம். உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை அது: ‘ஆறு மாதம் கழிந்தது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்’ என்று 5 நிமிடம் கொடுப்பது. குறை சொல்வது இங்கே துரோகம் ஆகாது, கேட்ட வேலையைச் செய்வது ஆகும்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை வேண்டாம். உலையில் ஓட்டை விழுந்தால் கூட்டம் கூட்டாதீர்கள், பொறுப்பானவர் முடிவெடுக்கட்டும். ஒருவருக்குத் திட்டவட்டமாக விடை தெரிந்த கணக்குக்கு ஆறு பேர் வேண்டாம். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, ஆட்கள் ஒப்புக்கொண்டதுபோல் காட்டத்தான் கூட்டம் என்றால், அதைச் செய்யவே கூடாது. ஒரு முறை அப்படிச் செய்தால் அடுத்த பத்துக் கூட்டங்களுக்கு வெற்றுச் சீட்டுதான் வரும். கணினித் திரையில் கூடும் குழுக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பெயர் தெரியாமல் ஒரே நேரத்தில் எல்லாரும் தட்டச்சு செய்யும் பொதுப் பக்கம். எழுதி முடிக்கும் வரை அடுத்தவர் எழுதியது தெரியாதபடி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் வரியே முதல் குரலாகிவிடும்.

கூட்டம் முடிந்த அன்றே பலகையைப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மூன்று பதில்களில் ஒன்றை 7 நாளுக்குள் மேலாளர் எழுதி அதே பலகையில் ஒட்ட வேண்டும்: ‘செய்கிறோம், இன்னார், இந்தத் தேதிக்குள்’. ‘சோதிக்கிறோம், முடிவு இந்தத் தேதியில்’. ‘செய்யவில்லை, காரணம் இது’. மூன்றாவது பதிலுக்கும் கையெழுத்து வேண்டும். ஷட்டரைச் சரி செய்ய ஃபிட்டருக்கு அரை நாள் மெஷின் நிறுத்தம் தேவைப்படும், அதை எந்த ஞாயிற்றுக்கிழமை தருவது என்று எழுதுங்கள். ரேக் இருக்க வேண்டிய இடத்தைத் தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடிட்டு, ‘இரவு தங்கிய கோரை ஊற்றும் முன் காய வைக்கவும்’ என்ற வரியைக் கோர் பிரிவின் வேலைத் தாளில் தமிழிலும் இந்தியிலும் சேருங்கள். அடுத்த ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, முதல் மூன்று ஹீட்டுகளின் கழிவை மட்டும் தனியே எண்ண ஒருவர் பெயரை இப்போதே அந்தத் தாளில் எழுதி வையுங்கள்.